பொருள்: 'ஏற்று', 'இறக்கு' – வட்டுச் செயலிக்கு மாற்றுச்சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் திரைச்சூழலான க்னோமின் அடுத்த வெளியீடு செப்டம்பரில் வருவதால், 'வட்டுகள்' செயலியின் தமிழாக்கத்தை இந்த வாரத்துக்குள் அனுப்பியாக வேண்டும். செருகிய பென்டிரைவை அடைவு மரத்தில் (கோப்புறைகளின் அடுக்கில்) ஓரிடத்தில் சேர்ப்பதை, அதாவது 'மவுண்ட்' செய்வதை, 'ஏற்று' என்றும், அங்கிருந்து நீக்குவதை 'இறக்கு' என்றும் இதுவரை எழுதி வந்தோம். 'இறக்கு' என்ற பொத்தானைப் பார்க்கும் புதியவர் ஏதோ பதிவிறங்கப் போகிறது என்று எண்ணி அதைத் தொடாமலே பென்டிரைவைப் பிடுங்கிவிடுகிறார். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகே வட்டில் எழுதுவதால், நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டிய பின்னும் கோப்பு அரைகுறையாக நிற்கக்கூடும். தெளிவான இணைச்சொற்கள் உண்டா?

– க.

*

க. அவர்களுக்கு,

குறை 'இறக்கு' என்பதில் மட்டுமன்று. 'ஏறு' என்னும் தன்வினையின் பிறவினை ஏவலும் 'ஏற்று'. 'ஏல்' என்பதன் வினையெச்சமும் 'ஏற்று'. தொடரில் வந்தால் இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம். பொத்தானில் தனித்து நிற்கும்போது எது என்று யார் சொல்வது? என் பரிந்துரை 'பூட்டு', 'அவிழ்' என்பன. 'பூண்' என்பதன் பிறவினை 'பூட்டு'. நுகத்தில் மாட்டைப் பூட்டுகிறோம், வேலை முடிந்ததும் அவிழ்க்கிறோம். வெளியிலிருந்து வந்த வட்டுக்கும் அதுவே நடக்கிறது.

நுகம் என்றதும் இன்னொன்று. நுகத்தின் நடு ஆணியைச் சங்கப் புலவர் 'பகல்' என்றனர். 'பகு' என்பதே வேர். பகவு, பங்கு, பாதி, பால் எல்லாம் அதன் கிளைகளே. வட்டின் கூறு ஒன்றையும் நாம் 'பகிர்வு' என்கிறோம்; கோப்பைப் பிறருக்குத் தருவதையும் 'பகிர்வு' என்கிறோம். முன்னதைப் 'பகல்' அல்லது 'பகவு' என்று மாற்றினால் அந்தக் குழப்பமும் ஒழியும்.

– பெ.

*

ஐயா, வணக்கம்.

வேர் விளக்கத்தை விரும்பிப் படித்தேன். ஆயினும் 'பூட்டு' இங்கே செல்லாது. லக்ஸ் என்னும் லினக்ஸ் முறையில் மறையாக்கம் செய்த (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாத) பகுதிக்கு, அதே செயலியில், பூட்டுப் படத்தோடு ஒரு பொத்தான் இருக்கிறது. கடவுச்சொல் தந்து அதைத் திறந்த பிறகே நீங்கள் சொல்லும் பூட்டுதல் நடக்க வேண்டும். 'பூட்டைத் திறந்து பூட்டவும்' என்று நான் வகுப்பில் எப்படிச் சொல்வேன்? 'இரண்டாம் பகலில் இடமில்லை' என்றால் மாணவர்கள் மதிய உணவுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

'பொருத்து', 'விடுவி' என்று வைக்கலாம். பென்டிரைவிலுள்ள ஒரு கோப்பு ஏதேனும் ஒரு செயலியில் திறந்திருந்தால் லினக்ஸ் அதை விட மறுக்கும். அப்போது 'பயன்பாட்டில் உள்ளது, விடுவிக்க முடியவில்லை' என்ற செய்தியைப் பார்த்தவுடனே மாணவர் அந்தக் கோப்பை மூடுகிறார்.

இவற்றைவிட எனக்கு அச்சம் தருவது, 'ஃபார்மட்' என்பதற்கு நாம் வைத்துள்ள 'வடிவூட்டு'. 'அழகூட்டு' போல ஒலிக்கும் அச்சொல் உள்ளிருப்பதையெல்லாம் துடைக்கப் போவதைச் சொல்லவே இல்லை. 'அழித்து வடிவமை' என்றால் சற்று நீளம்தான், பொத்தான் நீளட்டும்.

– செ.

*

அனைவருக்கும்,

காந்த வட்டுத் தொகுதிகளைக் கணினிக்கூட ஊழியர் கையால் தூக்கி வைத்த காலத்தில் பிறந்த சொல் 'மவுண்ட்'. அச்செயல் மறைந்தும் சொல் நிலைத்துவிட்டது. எழுத்துப்பெயர்ப்பாகவே விடுங்கள். பயனர் நாளை எஃப்எஸ்டேப் கோப்பை (எந்த வட்டு எங்கே சேர வேண்டும் என்ற லினக்ஸ் பட்டியலை) திருத்த நேர்ந்தால் அங்கே பொருத்துதலும் இல்லை, பூட்டுதலும் இல்லை.

– ம.

*

ம. அவர்களுக்கு: எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்துபவருக்கு இந்தச் செயலியே தேவைப்படாது, திருத்தத் தெரியாதவருக்காகத்தான் அது எழுதப்பட்டது.

மறுமொழி எழுதியவர்களுள் பெரும்பாலோர் 'பொருத்து', 'விடுவி' என்பவற்றை ஏற்றுள்ளனர். 'அழித்து வடிவமை' என்பதற்கு மறுப்பு வரவில்லை. 'பகிர்வு' நிறுவல் நிரல்கள் வரை பரவிவிட்டதால், இம்முறை அதைத் தொடவில்லை. இன்றிரவு கோப்பை ஏற்றுகிறேன் (இந்த 'ஏற்று' வேறு).

– க.

*

க. அவர்களுக்கு,

'பொருத்து' என்றால் வடத்தைச் செருகு என்றே படிப்பவர் கொள்வார். ஏற்கெனவே செருகியவரிடம் மீண்டும் பொருத்தச் சொன்னால், கழற்றித் திரும்பச் செருகுவார். எதைத் தடுக்கப் புறப்பட்டோமோ அதையே செய்ய வைப்போம். என் மறுப்பைக் கலைச்சொல் பட்டியலில் பதிந்து வையுங்கள்.

– பெ.