எழுந்து நின்றால் எவ்வளவு?

"சிஸ்டர், கால் தரையில் பாவவில்லை" என்றார் அந்தப் பெரியவர். நான் மூன்று கட்டில் தள்ளி இன்னொருவருக்குச் சலைன் மாற்றிக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் கட்டில் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். புருவத்துக்கு மேலே பிளந்து மூன்று தையல்.

வயது 72. மாலையில் இரத்த அழுத்தம் 170/100 இருந்ததால் மருத்துவர் புதிதாகப் பிரசோசின் என்ற அழுத்த மாத்திரையை எழுதியிருந்தார். இரவு 9 மணிக்கு நான்தான் கொடுத்தேன். பத்தரைக்குச் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். விழுந்தவரைப் படுக்கவைத்துப் பார்த்தபோது 112/70. மெல்ல உட்காரவைத்ததும் 84/50.

பிரசோசினின் முதல் வேளை சிலருக்கு அப்படித்தான் செய்துவிடும். இரத்தக் குழாய்கள் ஒரேயடியாகத் தளரும். எழுந்து நிற்பவருக்கு இரத்தம் கால்களிலேயே தங்கி, மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. அதனால்தான் குறைந்த அளவில், படுக்கப்போகும் நேரத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். ஆள் சரி, மருந்து சரி, அளவு சரி, நேரம் சரி. "இன்று இரவு தனியாக எழுந்திருக்காதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். போதாததற்கு, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் ஃபுரோசெமைடு என்ற நீர் மாத்திரையின் இரண்டாவது வேளை மாலை 6 மணிக்குப் போயிருந்தது. அதைப் பிற்பகலிலேயே கொடுத்து முடித்திருந்தால், அவருக்கு அந்த நேரத்தில் எழ வேண்டிய தேவையே வந்திருக்காதோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து, அழுத்த மாத்திரை புதிதாகத் தொடங்கினாலோ அளவு கூடினாலோ நான் படுத்த நிலை அளவோடு நிறுத்துவதில்லை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஓர் அளவு, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அடுத்த வேளைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுகிறேன். எழுந்திருக்கும் முறையையும் கூடவே இருந்து செய்யவைக்கிறேன்: பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைத்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தலை தெளிந்த பிறகுதான் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சட்டைக் கையின் மேலேயே அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றுவது, பருத்த கைக்குச் சிறிய பட்டையை இழுத்துக் கட்டுவது, பேசிக்கொண்டிருப்பவருக்கு அளப்பது எல்லாம் தினமும் நடக்கிறது. சிறிய பட்டை, உண்மையில் இருப்பதைவிட அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். அந்தப் பொய் எண்ணை நம்பித்தான் மாத்திரை கூடுகிறது.

வீடுகளுக்குச் சென்று கவனிக்கும் செவிலியர்:

அக்கா, படிக்கும்போதே நெஞ்சு பதறியது. நான் பார்த்தது வேறு விதம். ஓர் அம்மாவுக்கு இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நின்றது. அதற்கென்று ஒரு நீர் மாத்திரையும் சேர்த்திருந்தார்கள், வடியவில்லை. "வீட்டிலிருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் அம்மா" என்றேன். தகர டப்பாவோடு கொண்டுவந்து கட்டிலில் கொட்டினார். அட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பொடி எழுத்தைப் படித்தால், வெவ்வேறு பெயர் போட்ட இரண்டு அட்டைகளிலும் இருப்பது அம்லோடிபின் என்ற ஒரே அழுத்த மருந்து, 5 மில்லிகிராம். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே எழுதியது. அம்லோடிபின் அளவு கூடக் கூடக் கால் வீக்கமும் கூடும். அது குழாய்கள் விரிவதால் வருவது என்பதால் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக அசையாது. இதயமோ சிறுநீரகமோ காரணமா என்று பார்ப்பது மருத்துவர் வேலை. நான் இரண்டு அட்டைகளையும் அவர் முன் வைத்தேன். அவர் பரிசோதித்துவிட்டு ஒன்றை நிறுத்தினார். சில வாரங்களில் அந்த அம்மாவின் கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணில் பட்டது.

தாயாரைக் கவனித்துக்கொள்ளும் மகள்:

நான் செவிலியர் இல்லை. என் அம்மா அட்டெனோலால் என்ற அழுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டுவிட்டார். "அழுத்தம்தான் சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு?" என்பது அவர் கணக்கு. நான்காம் நாள் நெஞ்சு படபடப்பு, அழுத்தம் 190/110. அவசரப் பிரிவில் அத்தனை பேரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். ஒரு சிஸ்டர் மட்டும் ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணிவிட்டு, "இந்த மாத்திரை உங்களை என்ன செய்தது அம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் வெளியே வந்தது: மாதக்கணக்காக உடல் அசதி, கை கால் சில்லிடுதல். எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அந்தச் சிஸ்டர்தான் புரியவைத்தார். இப்போது வேறு மருந்து. ஆனால் காலையில் எழுந்ததும் தலை கிறுகிறுக்கிறது என்கிறார். நீங்கள் சொன்ன நிற்கும் அளவை வீட்டில் நானே எடுக்கலாமா?

முதலில் எழுதியவர்:

தாராளமாக எடுக்கலாம் அம்மா. மேல் கையில் கட்டும் கருவியாக இருக்கட்டும். நிற்கும்போது கை தொங்கக் கூடாது. இதயத்தின் உயரத்தில் நீங்கள் தாங்கிப் பிடியுங்கள். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும், கிறுகிறுப்பு வந்தால் உடனே உட்காரவையுங்கள். மூன்று நாள் காலை அளவுகளை, மாத்திரை போட்ட நேரத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை நீங்களாக எந்த மாத்திரையையும் குறைக்க வேண்டாம். மயங்கி விழுந்தால் மட்டும் மூன்று நாள் காத்திருக்காதீர்கள், உடனே அழைத்துப் போய்விடுங்கள்.