ஐஎல்1பி மரபணு மாறுபாடு, இரைப்பை மெலிவு: வழிகாட்டல் தேவை

அப்பாவுக்கு 52 வயதில் இரைப்பைப் புற்றுநோய் வந்தது. எனக்கு இப்போது 41. மரபணுப் பரிசோதனையில், இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை உருவாக்கும் ஐஎல்1பி மரபணுவின் -511 என்ற இடத்தில், இரண்டு பிரதியிலும் டி வகை (டிஎன்ஏ எழுத்து) என்று வந்திருக்கிறது.

2000-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த மாறுபாட்டை இரைப்பைப் புற்றுநோயோடு இணைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கும்போது இன்டர்லூகின்-1 பீட்டா அதிகமானால் அழற்சி நீடிக்கும், அமிலச் சுரப்பு குறையும், இரைப்பையின் உட்சவ்வு மெலியும். ஆனால் பிறகு வந்த ஆய்வுகள், குறிப்பாக ஆசியாவில் நடந்தவை, ஒரே முடிவைச் சொல்லவில்லை. அங்கேதான் குழம்பி நிற்கிறேன்.

போன வருடம் எண்டோஸ்கோப்பியில் நாள்பட்ட அழற்சியும் லேசான உட்சவ்வு மெலிவும் தெரிந்தன. கிருமியும் இருந்தது. 14 நாள் மருந்துக்கு அப்புறம் மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை. சாப்பிட்டதும் வயிறு உப்புவது மட்டும் நிற்கவில்லை. பரம்பரை இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடைய சிடிஎச்1 மரபணுவையும் பார்த்தாயிற்று, அதில் மாற்றம் இல்லை. கிருமி போனதே போதும் என்கிறார் இரைப்பை மருத்துவர். இந்த ஒரு மாறுபாட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்கிறார் மரபணு ஆலோசகர். சரி, ஆனால் மெலிவும் குடும்ப வரலாறும் சேர்ந்திருக்கிறதே!

இந்த நிலையில் உள்ளவர்களுக்கு அடுத்த எண்டோஸ்கோப்பியை எத்தனை வருட இடைவெளியில் பரிந்துரைக்கிறார்கள்?