டிஸ்க் கோல்ஃப் விதித் தேர்வு: பதில் புத்தகத்திலேயே இல்லை, அவசர உதவி வேண்டும்

வளைந்த_வீச்சு
ரொம்ப அவசரம். கூடையைப் பார்த்து டிஸ்க் (தட்டு) எறியற நம்ம ஆட்டத்தோட விதிகளுக்கான அஃபிஷியல் எக்ஸாம் ரெண்டு தடவை எழுதிட்டேன், ரெண்டும் பெயில். ஓப்பன் புக்தான், புக்கை மடியில வச்சுக்கிட்டுதான் எழுதினேன். ஆனா நிறைய கேள்விக்குப் பதில் புக்குல தேடித் தேடிப் பார்த்தும் இல்லவே இல்ல. இன்னும் சிலதுக்கு புக்குல இருக்கறதை அப்படியே போட்டேன், தப்புன்னு வருது. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பாஸ் ஆகலேன்னா போட்டியில என் இடம் போயிடும். சிஸ்டம் கோளாறா இருக்குமோ? யாருக்காவது இப்படி ஆச்சா?

கூடை_மணி
பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) எக்ஸாமா? எந்தப் பகுதியில பெயில்? முடிவுத் திரையில என்ன வருது? எந்த வருஷத்துப் புக்? இதுல ஒண்ணுகூட சொல்லாம எங்களால என்ன சொல்ல முடியும்?

இடக்கை_எறி
போன்ல எழுதினீங்களா? எனக்கு முதல் தடவை அதுதான் ஆச்சு. கீழே தள்ளும்போது விரல் பட்டு, தேர்ந்தெடுத்த விடைக்கு மேல இருந்த விடை தேர்வாகிடுச்சு. நாலு கேள்விக்கு அப்படிப் போச்சு. கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து எழுதுங்க, ஒவ்வொரு விடையையும் அனுப்புறதுக்கு முன்னாடி திரும்பப் பாருங்க. நிச்சயமா இதான் காரணம்.

நெடுந்தூரம்
புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு இது. அதில் இரண்டு முறை தோற்றால் சிஸ்டத்தைக் குறை சொல்வதற்கு முன், புத்தகத்தை ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை படித்தோமா என்று பார்க்க வேண்டும். பொருளடக்கத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து விடை போடுவது படிப்பது ஆகாது. நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன், ஆடுபவர்களில் பெரும்பாலோருக்கு 30 வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதிகூட சரியாகத் தெரியாது.

வளைந்த_வீச்சு
@கூடை_மணி பிடிஜிஏதான். பகுதின்னா என்ன? எல்லாம் ஒரே எக்ஸாம்தானே? லேப்டாப்லதான் எழுதினேன்.
@நெடுந்தூரம் படிச்சேன் ஐயா, ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன்.

கூடை_மணி
ரெண்டு பகுதி. ஒண்ணு ஆட்ட விதிகள், இன்னொண்ணு காம்படிஷன் மேனுவல் (போட்டி நடத்தற விதிகள்). பதிலே கிடைக்காத கேள்வியெல்லாம் எதைப் பத்தி? கேள்வியை அப்படியே போடாதீங்க, விஷயத்தை மட்டும் சொல்லுங்க.

வளைந்த_வீச்சு
என்ன உடை போடணும், பை தூக்க வர்றவர் தப்பு பண்ணா யாருக்குத் தண்டனை, போட்டியிலேர்ந்து விலகினா பணம் திரும்ப வருமா, எந்தப் பிரிவுல யார் ஆடலாம், இந்த மாதிரி. வேற ஒண்ணு கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்கிற டிஸ்க் ஓபியா (எல்லைக்கு வெளியேயா) இல்லையான்னு. அது புக்குல இருந்துச்சு. அதுல குழப்பம் இல்ல.

சங்கிலி_ஓசை
கோட்டைத் தொட்டா ஓபிதான். கோடு ஓபி பரப்போட சேர்ந்ததுன்னு விதியிலேயே இருக்கு.

நெடுந்தூரம்
பாதி விதியை மட்டும் சொல்கிறீர்கள். கோடு ஓபி-யில் சேர்ந்தது, உண்மை. ஆனால் டிஸ்க் ஓபி ஆக வேண்டுமானால், அது முழுக்கவும் தெளிவாகவும் ஓபி பரப்பால் சூழப்பட்டிருக்க வேண்டும். ஒரு நூல் அளவு உள்பக்கம் இருந்தாலும் ஆட்டத்திற்குள்தான்.

சங்கிலி_ஓசை
அப்போ கோடு ஓபி-ல சேர்ந்ததுன்னு எதுக்கு எழுதி வச்சாங்க?

காற்றின்_கணக்கு
அந்த வரி இல்லேன்னா கோட்டு மேலேயே கிடக்கிற டிஸ்க் எந்தப் பக்கம்னு சண்டை வரும். இப்போ பார்க்க வேண்டியது கோட்டோட உள்விளிம்பு மட்டும்தான். போன மாசம் ஒரு சுற்றுல இதே மாதிரி. கயிறு கட்டின கோடு, டிஸ்க் முக்கால்வாசி கயித்துக்கு வெளியே. மூணு பேரும் புல்லுல குப்புறப் படுத்துப் பார்த்தோம். டிஸ்க்கோட முன்விளிம்புக்கும் கயித்தோட உள்பக்கத்துக்கும் நடுவுல ஒரு புல்லோட தடிமன். வெளிச்சத்துல அந்த விளிம்பு உள்ளே நீட்டிக்கிட்டு நின்னது கண்ணுக்குத் தெரிஞ்சது. உள்ளேதான்னு முடிவு பண்ணோம். கயித்தைக் கையால தள்ளிப் பார்க்கப் போன நண்பரை நிறுத்த வேண்டியிருந்தது, தள்ளினா டிஸ்க்கும் நகர்ந்திருக்கும்.

சங்கிலி_ஓசை
மூணு பேரும் ஒத்துப்போகலேன்னா?

காற்றின்_கணக்கு
குழுவுல பெரும்பான்மை முடிவு. அது வரலேன்னா எறிஞ்சவருக்குச் சாதகமா எடுத்துக்கணும்.

சங்கிலி_ஓசை
எங்க குழுவுல எப்பவும் அப்படிச் செஞ்சதில்ல. கோட்டைத் தொட்டா வெளியேன்னுதான் இத்தனை வருஷமா ஆடறோம்.

நெடுந்தூரம்
இதற்குத்தான் தேர்வு வேண்டும் என்கிறேன். நாலு பேர் சேர்ந்து பழகிய பழக்கத்தை விதி என்று நம்பிவிடுகிறோம். மேஜர், எலைட் என்ற பெரிய போட்டித் தொடர்களில் இதைக் கட்டாயம் ஆக்கியதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. எல்லா நிலைக்கும் ஆக்க வேண்டும்.

சங்கிலி_ஓசை
ஆடறவனுக்கு எறியத் தெரிஞ்சா போதாதா? மேனுவல்ல யார் எந்த உடை போடணும்னு மனப்பாடம் பண்ணா, கூடைக்குப் பக்கத்துலேர்ந்து எறியற பட் உள்ள போயிடுமா? புதுசா வர்றவங்க இதைப் பார்த்தே பயந்து ஓடிடுவாங்க.

காற்றின்_கணக்கு
மனப்பாடம் யாரும் கேக்கலையே, புக்கைத் திறந்து வச்சுத்தானே எழுதுறோம். எங்க தேடணும்னு தெரிஞ்சா போதும். டென்னிஸ் கோர்ட்டுல மாதிரி ஒவ்வொரு கூடைக்கும் நடுவர் நிக்கிற விளையாட்டு இல்ல இது. குழுவுல இருக்கற நாமதான் ஒருத்தருக்கொருத்தர் நடுவர். அதனால எனக்கு இந்த எக்ஸாம் மேல மரியாதை உண்டு.

கூடை_மணி
கோட்டுச் சண்டையைத் தனி இழையில வச்சுக்கங்க, இங்க ஒருத்தருக்கு ஞாயிறு வரைதான் நேரம்.

@வளைந்த_வீச்சு நீங்க சொன்ன உடை, பை தூக்குறவர், விலகல், பிரிவு, இது எல்லாமே காம்படிஷன் மேனுவல். ஆட்ட விதிகளுக்குள்ள தேடினா கிடைக்காது. உங்க மடியில இருக்கறது விதிப் புத்தகம் மட்டும்தானா? இன்னொரு விஷயம், புக்குல "லை"ன்னா, அதாவது அடுத்த எறிக்குக் கால் வைக்கிற இடம், என்னன்னு போட்டிருக்கு? அந்த வரியை மட்டும் எழுதுங்க.

வளைந்த_வீச்சு
டிஸ்க் நின்ன இடத்தைக் குறிக்கிற மார்க்கர் டிஸ்க்குக்குப் பின்னால 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கோடு. சங்கத்து நண்பர் ஒருத்தர் கொடுத்த சின்னப் புக். ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கு. ஆமா, அது மட்டும்தான் இருக்கு.

கூடை_மணி
கிடைச்சாச்சு. அது 2018-க்கு முந்தின புக். 2018-லேர்ந்து லை ஒரு கோடு இல்ல, 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் இருக்கிற செவ்வகம், மார்க்கரோட பின்விளிம்புலேர்ந்து பின்னாடி. அந்த வருஷமும் அப்புறம் 2022-லயும் விதிகள் மாறியிருக்கு. நீங்க பழைய புக்குல இருக்கறதை அப்படியே போட்டா தப்புன்னுதான் வரும்.

ரெண்டு விஷயம் பண்ணுங்க. பிடிஜிஏ தளத்துலேர்ந்து இப்போதைய விதிப் புத்தகத்தையும் காம்படிஷன் மேனுவலையும் தனித்தனி பிடிஎஃப்-ஆ இறக்குங்க. எழுதும்போது ரெண்டையும் ரெண்டு தாவல்ல திறந்து வச்சுக்கங்க. கேள்வி எறிதல், நிலை, தண்டனைன்னு இருந்தா முதல்ல விதியில பாருங்க. பதிவு, உடை, நடத்தை, பிரிவு, குழு அமைப்புன்னு இருந்தா மேனுவல்ல. தேடற சொல்லை ஆங்கிலத்துலயே, விதியில வர்ற அதே சொல்லாப் போடுங்க. நாம மைதானத்துல பேசற சொல்லுல தேடினா வராது. "அல்ல", "தவிர"ங்கற சொல் இருக்கற கேள்வியை ரெண்டு தடவை படிங்க, நான் முதல் தடவை விட்டது எல்லாம் அதுதான்.

இடக்கை_எறி
அப்போ விரல் பட்டது காரணம் இல்லையா? சரி. ஆனாலும் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

நெடுந்தூரம்
பழைய புத்தகம் என்று தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன், தம்பி. இரண்டு ராத்திரி படித்தவரை நான் அப்படிச் சொன்னது சரியில்லை. இரண்டு மீட்டர் விதியைப் பற்றியும் ஒன்று. மரத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் தங்கிய டிஸ்க்குக்கு ஒரு தண்டனை எறி என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். போட்டி இயக்குநர் அறிவித்தால்தான் அது நடைமுறையில் இருக்கும்.

சங்கிலி_ஓசை
அது எனக்கும் புதுசு. நாங்க எப்பவும் ஒண்ணு சேர்ப்போம்.

கூடை_மணி
@வளைந்த_வீச்சு எழுதினீங்களா?

கூடை_மணி
@வளைந்த_வீச்சு இன்னிக்கு ஞாயிறு.

வளைந்த_வீச்சு
ரெண்டு பகுதியும் பாஸ். இடம் இருக்கு. பேசிட்டு இருக்க நேரமில்ல, பையில டிஸ்க் எடுத்து வைக்கணும். கூடை_மணி அக்கா, மறக்க மாட்டேன். பழைய புக்கைக் கொடுத்த நண்பருக்கும் புதுசை அனுப்பிட்டேன், அவரும் அதை வச்சுத்தான் படிச்சிட்டு இருந்தாரு.

சங்கிலி_ஓசை
வாழ்த்துகள். கோட்டு விஷயம் விதியில எந்த எண்ல இருக்கு? எங்க குழுவுக்குக் காட்டணும்.

காற்றின்_கணக்கு
806.02.