மறு: பிளானட்டரி ஹெல்த் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். மனிதர் நலத்தையும் அதைத் தாங்கும் இயற்கையின் நிலையையும் சேர்த்துப் பார்க்கும் ‘பிளானட்டரி ஹெல்த்’ துறைக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். இழை நீண்டுவிட்டதால் இரண்டு பரிந்துரைகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், கடைசியில் என் சொல்லையும் வைக்கிறேன்.

> கோள்நலம் என்று வைத்துவிடலாம். சின்னச் சொல், பாடநூலிலும் பிளானெட்டுக்குக் கோள்தான்.

சின்னச் சொல் என்பது சரிதான் ஐயா. ஆனால் இது வானியல் பாடத்துக்கு வெளியே புழங்க வேண்டிய சொல். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் ‘கோள்நலம் காப்போம்’ என்று எழுதிவைத்தால் வருகிறவர்களுக்கு நவக்கிரகமும் பரிகாரமும்தான் ஞாபகம் வரும், கோள் மூட்டுவது வேறு இருக்கிறது. அதோடு இந்தத் துறை செவ்வாயையோ வியாழனையோ பற்றிப் பேசவில்லை. பேசுவது ஒரே ஒரு கோளைப் பற்றி, அதற்குப் புவி என்ற பெயர் இருக்கிறது, புவி வெப்பமயமாதல் என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் பழகியும்விட்டது.

> அப்படியானால் புவிநலம் போதுமே, ஏன் இழுக்க வேண்டும்?

எனக்குத் தயக்கம் இங்கேதான். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையும் லான்செட் மருத்துவ இதழும் சேர்ந்து அமைத்த ஆணையம் 2015இல் கொடுத்த வரையறையைப் பாருங்கள்: மனித நாகரிகத்தின் நலம், அது சார்ந்திருக்கும் இயற்கை அமைப்புகளின் நிலை, இரண்டும் சேர்ந்ததுதான் பொருள். மனிதர் நலம் முதலில் வருகிறது. வெறும் புவிநலம் என்றால் படிக்கிறவர் மரம் நடுவது, பிளாஸ்டிக் ஒழிப்பது என்று எடுத்துக்கொள்வார், நல்ல வேலைதான், ஆனால் மருத்துவருக்கும் மருந்துக் கடைக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுவார். அந்தச் சம்பந்தத்தைக் காட்டத்தான் இப்படி ஒரு துறையே பிறந்தது.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன், அதனால் எனக்கு உடனே தோன்றுகிற உதாரணம் பாறுக் கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. மாட்டுக்கு மடிநோய், கால்வீக்கம், காய்ச்சல் என்றால் டைக்குளோஃபினாக் ஊசி போடுவார்கள், விலை குறைவு, வலி சட்டென்று அடங்கும். அந்த மாடு ஓரிரு நாளில் செத்து, உடலை ஊருக்கு வெளியே போட்டால், தசையிலும் ஈரலிலும் மருந்து மிச்சம் இருக்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும், யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளுறுப்புகளின் மேல் படியும். செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரலும் இதயமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருக்கும். காரணம் இந்த மருந்துதான் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது, இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு உள்ளிட்ட இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போய்விட்டது.

சரி, கழுகு போனால் நமக்கு என்ன? ஒரு கூட்டம் பாறு ஒரு மாட்டுடலை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அது இல்லாதபோது உடல் கிடந்து அழுகுகிறது, நீர்நிலையில் கலக்கிறது, தெருநாய் பெருகுகிறது, நாயோடு வெறிநோயும் வருகிறது. கழுகுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு ஃபிராங்க், சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. 2000க்கும் 2005க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. இதை நினைத்தால் எனக்கு மனது ஆறவில்லை. மாட்டின் வலிக்குப் போட்ட ஊசி, நடுவில் ஒரு பறவை, முடிவில் மனிதச் சாவு. இறந்தவர் யாருடைய இறப்புச் சான்றிதழிலும் கழுகு என்று எழுதியிருக்காது.

அப்புறம், கதை முடிந்துவிடவும் இல்லை. அசிக்குளோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்து மாட்டின் உடம்புக்குள் போய் டைக்குளோஃபினாக்காகவே மாறுகிறது, அதற்கும் கீட்டோபுரோஃபென் என்ற வலி மருந்துக்கும் கால்நடைத் தடை 2023இல்தான் வந்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கழுகைக் கொல்வதில்லை, அதுவும் ரொம்ப நாளாகக் கடையில் இருக்கிறது. முதுமலைப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறு கூடு கட்டுகிறது, அங்கே சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்பவருக்கு எந்த ஊசி போடப்படுகிறது என்பது இன்றைக்கும் முக்கியமான கேள்வி.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘புவிசார் நலம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார், சார்ந்திருப்பது அதில் அழகாக வருகிறது, ஆனால் புவிசார் குறியீடு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, மதுரை மல்லிதான் கண்ணுக்குத் தெரியும்.

என் பரிந்துரை: புவிநலவாழ்வு. துறைக்குப் புவிநலவாழ்வியல்.

புவி, நலவாழ்வு என்று பிரித்தால் மூலச் சொல்லுக்கு நேராக நிற்கிறது. புவிநலம், வாழ்வு என்று பிரித்தால் புவியின் நலத்தால் அமையும் வாழ்வு. எப்படிப் பிரித்தாலும் பொருள் பிசகவில்லை, இதனால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது. சுகாதாரம் என்பதை வேண்டுமென்றே தவிர்த்தேன், அது நம் ஊரில் சாக்கடை, கொசு மருந்து, கழிப்பறை என்ற அளவில் நின்றுவிட்டது. நம் அரசுத் துறையின் பெயரிலேயே மக்கள் நல்வாழ்வு இருப்பதால் நலவாழ்வு யாருக்கும் புதிதாகத் தோன்றாது. கொஞ்சம் நீளம்தான். புவிநலவாழ்வு ஆய்வு, புவிநலவாழ்வுக் கொள்கை என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடையில்லாமல் வருகிறது.

ஒன் ஹெல்த் என்பதையும் இதிலேயே அடக்கிவிடலாம் என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் அம்மா. அது மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலத்தையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லும் அணுகுமுறை, பெரும்பாலும் விலங்கிலிருந்து வரும் நோய்களை வைத்து வளர்ந்தது. புவிநலவாழ்வில் காலநிலை, கடல் அமிலமாதல், மண்வளம், நன்னீர் எல்லாம் சேரும். ஒன் ஹெல்த்துக்கு ‘ஒருமித்த நலம்’ என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. அதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், நிப்பா காய்ச்சலை எடுத்துக்கொண்டு அங்கே பேசுவோம்.