நெஞ்சுச்சளியோடு கழிந்த அந்த இரவு: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

வலங்கைமான் மருமகள்

போன தை மாதம், சம்பா அறுவடை. எங்கள் கொல்லைக்குப் பின்னால் வயல். அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால் கழுவிக் கவிழ்த்த தட்டிலும் தூசி படியும். பையனுக்கு ஏழு மாதம். மூன்று நாள் மூக்கொழுகல், பிறகு இருமல். மாமியார் கற்பூரவல்லி என்றார், நான் டாக்டர் என்றேன். இரண்டும் நடக்கவில்லை, ஏனென்றால் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தார்கள்.

எனக்கு இன்றும் உறுத்துவது இருமல் அல்ல, நான்காம் நாள் மாலை. மார்பில் வாயை வைப்பான், நான்கு முறை உறிஞ்சுவான், விட்டுவிடுவான். அப்படியே கண்ணை மூடிக்கொண்டான். எழுப்பிப் பார்த்தேன், சிணுங்கிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டான். "பாவம், மூன்று நாளாகத் தூங்காதவன், தூங்கட்டும்" என்று தூளியில் போட்டேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது எனக்கு. அந்த நிம்மதியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மின்விசிறி நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் சின்னதாக ஒரு முனகல். செல்போன் விளக்கைப் போட்டுச் சட்டையைத் தூக்கினேன். விலாவுக்குக் கீழே, வயிறு தொடங்கும் இடத்தில், கட்டைவிரல் பதியும் அளவுக்குக் குழி விழுந்து விழுந்து எழுந்தது. கணவர் சிங்கப்பூரில். வீடியோவில் காட்டினேன். "தூங்குகிறான்தானே?" என்றார்.

108 வந்து, கும்பகோணம் போய், ஆக்சிஜன் வைத்து, ஐந்து நாள். இப்போது நன்றாக இருக்கிறான். களைப்பைத் தூக்கம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் வேறு யாராவது உண்டா?

வேதாரண்யத்துக்காரி

எங்கள் கதை கஜா புயல். 2018 நவம்பர் 16. காற்று இரைந்த விதத்தை டெல்டாக்காரர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. மகளுக்கு ஐந்து மாதம். புயலுக்கு நான்கு நாள் முன்னால்தான் வீசிங் என்று சொல்லி, மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் மெஷின் வாங்கியிருந்தோம். ஓடு பாதி பறந்துவிட்டது, தென்னைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன, மின்கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன, மெஷின் மட்டும் அட்டைப்பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மூன்றாம் நாள் கடைத்தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் போட்டு செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார், போனுக்கு 20 ரூபாய். ஒரு பெஞ்சு நிறைய போன்கள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மெஷினை இடுக்கிக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலில் ஒரு பெரியவர் தன் போனைப் பிடுங்கினார். பிறகு இன்னொருவர். உயிரோடு இருக்கிறோம் என்று வெளியூர் உறவுகளுக்குச் சொல்ல ஊரே தவித்த நாள் அது. பத்து நிமிடம் மெஷின் இரைந்துகொண்டு ஓடியது, அந்த வெண்புகை அவள் மூக்கைச் சுற்றிப் போனது, எல்லாரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காசு வாங்கவில்லை.

உறுத்தல் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு வருடம் கழித்துத் திருச்சியில் ஒரு குழந்தை மருத்துவர் கதையைக் கேட்டுவிட்டு, அந்த வயதில் வைரஸால் சிறு மூச்சுக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்வதற்கு அந்தப் புகை மருந்து பெரும்பாலும் உதவாது, தானாகவே இறங்கியிருக்கும் என்றார். இருக்கலாம். போன்களைப் பிடுங்கியவர்களிடம் நான் இதை எப்படிப் போய்ச் சொல்வது?

திருவையாறு அம்மா

மேலே எழுதிய இருவருக்கும் ஒரு வார்த்தை. எல்லாக் குழந்தைக்கும் ஆக்சிஜனும் மெஷினும் தேவைப்படாது. என்னைப் பயமுறுத்தாதீர்கள், எனக்கு இப்போது ஆறாம் மாதம்.

எங்களுக்கு வாய்த்தவர் மருந்தே எழுதாத மருத்துவர். மார்கழி, கோலம் போட வாசலுக்கு வந்தால் பனி மூக்கில் ஏறுகிற நேரம். மூத்தவளுக்கு எட்டு மாதம், நெஞ்சில் பூனை உறுமுவது போல ஒரு சத்தம். அவர் சட்டையைக் கழற்றச் சொன்னார், ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் நெஞ்சையே பார்த்தார், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு 97 என்றார். "வைரஸ். ஆன்டிபயாட்டிக் வேண்டாம். இன்று மூன்றாம் நாள், நாளையும் மறுநாளும் இன்னும் கூடும், பிறகு இறங்கும். இருமல் மூன்று வாரம்கூட நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுங்கள். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை என்றால் அந்த நேரமே வாருங்கள்." சீட்டில் எழுதியது உப்புநீர்ச் சொட்டு மட்டும். வெளியே வந்ததும் என் கணவர் கேட்டது: "இதற்கா 300 ரூபாய்?"

ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்னும் மூக்கில் சொட்டு விட்டேன். மறுநாள் இரவு ஒரு தும்மல் தும்மினாள் பாருங்கள், குழைந்த சோற்றுப் பருக்கை போல ஒரு கட்டி என் தோளில் வந்து விழுந்தது. விழுந்த கையோடு மார்பைத் தேடினாள். மூக்கு அடைத்திருந்தால் உறிஞ்சவும் மூச்சு விடவும் ஒன்றாக முடியாது, அவ்வளவுதான் விஷயம். பத்து நிமிடம் விடாமல் குடித்தாள். அந்த மடக் மடக் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

ஆனால் ஐந்தாம் நாள் பொறுமை இல்லாமல் இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தோம். ஆறாம் நாள் இறங்கியது. கணவர் இன்றுவரை ஊசிக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குத்தாலம் பெரியவர்

படித்தவர்கள் எல்லாரும் மாமியாரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள். எங்கள் காலத்தில் தும்மினால் டாக்டர், இருமினால் டாக்டர் என்று யார் ஓடினார்கள்? மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்டிப் போவதே பெரும்பாடு. வீட்டு வைத்தியம்தான். மூன்று பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறேன், மூவரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

கற்பூரவல்லி இலையை விளக்குச் சுடரில் வாட்டிப் பிழிந்து, தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும். மாலையில் சாம்பிராணி. குளிப்பாட்டும்போது மூக்கில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு ஊதினால் சளி தானே இளகும். உரைமருந்தைத் தாய்ப்பாலில் உரைத்துச் சங்கில் புகட்ட வேண்டும். திருவையாற்று மகளே, 300 ரூபாய்க்கு உப்புத் தண்ணீர் வாங்கிய கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அடுப்படியில் உப்பு இல்லையா?

மன்னார்குடி அப்பா

பெரியவரோடு வாதாட வரவில்லை. என் தவறு நாட்டு வைத்தியம் அல்ல, அலமாரி வைத்தியம். பெரியவனுக்கு வாங்கிய இருமல் மருந்து பாதிப் பாட்டில் மிச்சம் இருந்தது. சின்னவளுக்கு ஆறு மாதம், இரவெல்லாம் இருமல். மனைவி அசந்த நேரத்தில் அரை மூடி கொடுத்தேன். மறுநாள் மருத்துவர், "வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். "ஒன்றும் இல்லை சார்" என்றேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழித்து, 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி வந்தது. மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நள்ளிரவில் அலமாரியைக் குடைந்து பாட்டிலைத் தேடி எடுத்தேன். வேறு பெயர்தான். ஆனாலும் அதைக் கொல்லையில் கொட்டும்போது கை நடுங்கியது. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது என்று மத்திய அரசு அந்த வாரம்தான் அறிவுறுத்தியது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் முதலில் சைக்கிள், பிறகு மொபெட் என்று வீடு வீடாக அலைந்தவள். குத்தாலம் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஒரு சொட்டு விளக்கெண்ணெயைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வீட்டில் நான்கு மாதக் குழந்தை, சளி இறங்கவே இல்லை. இரண்டு மருந்து மாற்றியாகிவிட்டது. குனிந்து முகத்தருகே போனேன். மூச்சில் விளக்கெண்ணெய் வாசம். குளிப்பாட்டுகிற பாட்டி எனக்கே பெரியம்மா முறை. முந்திய மாதம் அவர் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதியதை அதே திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். உறவு கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். குழந்தை பிழைத்தது, ஆனால் பள்ளிக்கூடம் போகும்வரை மழை வந்தால் இரைக்கும். எண்ணெய் நுரையீரலில் போய்த் தங்கினால் ஆன்டிபயாட்டிக் அதை என்ன செய்யும்?

எழுத வந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்தால் உடம்பே துவண்டுபோகும். சாம்பிராணிப் புகை ஏற்கெனவே வீங்கிய மூச்சுக்குழாயை மேலும் எரிக்கும். கற்பூரம் கலந்த எண்ணெயும் தைலமும் கைக்குழந்தைக்கு ஆகாது, கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். ஆவி பிடிக்கிறேன் என்று வெந்நீரைக் குழந்தை பக்கத்தில் வைக்காதீர்கள், நான் பார்த்த தீக்காயங்கள் போதும். பால் கொடுத்தால் சளி கட்டும் என்பது பொய், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அடுப்படி உப்பைக் கையளவாகக் கரைத்து மூக்கில் விடவும் வேண்டாம், அளவு கூடினால் எரியும். மருந்துக்கடைச் சொட்டு விலை குறைவுதான். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சாதாரண சிரப்பில் ஏறக்குறைய அதில் கால் பங்குதான். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் வம்பு. நிமோனியா தடுப்பூசி 2021 முதல் நம் அரசு முகாம்களில் இலவசம்: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம். வைரஸை அது தடுக்காது, ஆனால் பெரிய ஆபத்து ஒன்றைக் குறைக்கும்.

வலங்கைமான் மகளே, நீ ஏமாந்ததில் வியப்பில்லை. எல்லாரும் இருமலைக் கேட்கிறார்கள், சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுவதில்லை.

வலங்கைமான் மருமகள்

எண்ணினேன் அம்மா, 108 வருவதற்குள். 64 வரை எண்ணினேன். அது அதிகமா குறைவா என்று அப்போது தெரியாது. வேதாரண்யத்து அக்கா, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவர்களிடம் எதுவும் சொல்ல மாட்டேன்.

குத்தாலம் பெரியவர்

செவிலியர் அம்மாவுக்கு. மூன்று பிள்ளைகளை ஆளாக்கினேன் என்று எழுதியிருந்தேன். பிறந்தது நான்கு. 1984 ஐப்பசியில் ஒன்று போய்விட்டது, ஐந்து மாதம். மாந்தம் என்றார்கள். எண்ணெய்தான் காரணமா, வேறா, இனிமேல் யார் சொல்ல முடியும்? அந்த மகள் எழுதியிருக்கும் குழியை நானும் பார்த்தேன், அரிக்கேன் விளக்கில்.

அடுத்த மாதம் பேத்தி பிரசவத்துக்கு வருகிறாள். மூச்சு எத்தனை இருந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று வயது வாரியாக எழுதுங்கள். தாளில் குறித்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்

இரண்டு மாதம் நிறையும்வரை, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை, 50 அல்லது மேல். ஒன்று முதல் ஐந்து வயதுவரை, 40 அல்லது மேல். அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிக்கக் கூடாது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் குழி விழுந்தால், முனகினால், உதடு நீலம் பாய்ந்தால், பால் மறுத்தால், எழுப்பியும் கண் சொருகினால், காத்திருக்காமல் 108.

பெரிய எழுத்தாக எழுதித் தூளிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள் ஐயா.