79 எழுத்தைத் தாண்டினால் நிரலைச் சேர்க்கக் கூடாதா?

ரங்கூன்வாசி:
எங்கள் கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் பழைய ஸாவ்ஜி எழுத்துருவில் கிடக்கிறது. மியன்மார் 2019 அக்டோபர் 1 அன்றே யூனிகோடுக்கு மாறியாயிற்று. புது போனில் திறந்தால் பர்மிய முகவரி எல்லாம் தாறுமாறாகத் தெரிகிறது. பைத்தானில் ஒரு மாற்றி எழுதினேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பைத்தானின் பெப் 8 நடைக் கையேடு ஒரு வரிக்குச் சொல்லும் 79 எழுத்தை என் வரிகள் தாண்டுகின்றன என்று குழுவின் பொது நிரலில் அதைச் சேர்க்க மறுக்கிறார்கள். இது நியாயமா?

பெகூ அண்ணன்:
மறுத்தவன் நான்தான், தம்பி. வரி நீளம் மட்டுமா? மாறிகளுக்கு எக்ஸ்1, எக்ஸ்2 என்று பெயர். பர்மிய 'ஏ' கொம்பு ஸாவ்ஜியில் மெய்க்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். யூனிகோடுக்கு முன் தமிழுக்கு இருந்த டிஸ்கி குறியீட்டிலும் இதே கதைதான். அந்த இடமாற்றத்தை எந்த வரி செய்கிறது என்று தேடவே ஒரு மாலை போயிற்று. நாளைக்கு நீ சிங்கப்பூர் போய்விட்டால் இதை யார் பார்ப்பது? 2014-இல் ஆப்பிளில் 'கோட்டு ஃபெயில்' (goto fail, தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை விழுந்து, பாதுகாப்புச் சோதனையே பாதியில் நின்றது. இஃப் நிபந்தனையின் கீழ் வரும் வரிக்கு அடைப்புக்குறி கட்டாயம் என்று வைத்திருந்தால் அந்த வரி உள்ளேயே அடங்கியிருக்கும்.

தட்டோன் தங்கச்சி:
அண்ணே, அது சி மொழி. பைத்தானில் உள்தள்ளலே இலக்கணம், அந்தப் பிழைக்கு இங்கே வழியில்லை.

ரங்கூன்வாசி:
பெயர்களை மாற்றித் தருகிறேன், அண்ணே. ஆனால் எழுத்துக் கோவைகளைத் தேடிப் பிடிக்கும் அந்த நீள ரெஜெக்ஸை வெட்ட மாட்டேன். விதியால் வாசிப்பு கெட்டால் விதியை விடு என்று பெப் 8-லேயே இருக்கிறது. கோயிலில் ஆட்கள் பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பெகூ அண்ணன்:
ரெஜெக்ஸுக்கு வெர்போஸ் வசதி இருக்கிறதே! பல வரியாகப் பிரித்து, பக்கத்திலேயே குறிப்பும் எழுதலாம். வாசிப்பு கெடாது.

தட்டோன் தங்கச்சி:
மற்ற வரிகளைப் பிளாக் என்ற நிரல் ஒழுங்குபடுத்தும் கருவியிடம் விடுங்கள், அதன் வழக்கமான 88 எழுத்து அளவில் அதுவே மடித்துவிடும். ஆனால் அதைத் தனி கமிட்டாக, அதாவது தனி மாற்றப் பதிவாகப் போடுங்கள். இல்லாவிட்டால் நிரல் மாற்றமும் வரி மடிப்பும் கலந்து, எது எதற்காக மாறியது என்றே தெரியாது. என் கவலை வேறு. ஸாவ்ஜியும் யூனிகோடும் ஒரே குறியீட்டு எண்களைத்தான் பயன்படுத்துகின்றன. பட்டியலில் ஏற்கெனவே யூனிகோடில் உள்ள முகவரியையும் இந்த மாற்றி திருப்பிப் போட்டுக் கெடுத்துவிடாதா? இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லையே.

ரங்கூன்வாசி:
2019-க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பதிவைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன், அக்கா.

தட்டோன் தங்கச்சி:
தேதியை நம்ப முடியாது, அதற்கு முன்பே யூனிகோடு வைத்திருந்தவர்களும் உண்டு. இரண்டு வகையிலும் சில முகவரிகளை வைத்துச் சோதனை எழுதுங்கள்.

பெகூ அண்ணன்:
சரி, அந்தச் சோதனையை நான் எழுதுகிறேன். ஆனால் எக்ஸ்1, எக்ஸ்2 போகும்வரை சேர்க்க மாட்டேன்.