ஒன்று விடாமல் எழுது

குழு: பெரம்பூர் வீடு

செவ்வாய்க்கிழமை

திவ்யா (இரவு 9:05): குட்டி சாப்பிட இன்று ஒன்றேகால் மணி நேரம். நாலு வாய் சாம்பார் சாதம், அதுவும் போனில் கார்ட்டூன் ஓடினால்தான். காலையில் கட்டிக் கொடுத்த கேரட் சாதம் டிபன் பாக்ஸோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா ஏதோ பசி டானிக் சொன்னார். யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

அம்மா (9:07): எலும்பும் தோலுமாகிவிட்டான் என் ராஜா. சரி விடு, பாலாவது குடித்துவிட்டுத் தூங்கட்டும்.

பிரபு (9:08): அக்கா, உன்னை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் நிலாவைக் காட்டினார்கள். அவனுக்குக் கார்ட்டூன். அவ்வளவுதான் வித்தியாசம்.

தாத்தா (9:10): பலமுறை அனுப்பப்பட்டது: அவசரம்! இரவில் குழந்தைக்கு வாழைப்பழம் கொடுத்தால் நுரையீரலில் சளி கட்டும். பத்துப் பேருக்குப் பகிரவும்.

சுதா அக்கா (9:14): தாத்தா, அது பொய். நாலு வருஷமாகக் குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன், வாழைப்பழத்தால் யாரும் அட்மிட் ஆகவில்லை.
திவ்யா, டானிக்கை அப்புறம் பார்ப்போம். இன்று காலையிலிருந்து அவன் வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுது. ஒன்று விடாமல்.

திவ்யா (9:22): காலை 6:45 பால், ஒரு டம்ளர். பவுடர் இரண்டு ஸ்பூன், சர்க்கரை ஒன்று.
7:30 இட்லி ஒன்று, பாதியைத் துப்பினான்.
மதியம் சாதம் இரண்டு வாய்.
4 மணிக்குப் பால், முறுக்கு.
இரவு இந்த நாலு வாய். இப்போது பால் குடித்துக்கொண்டிருக்கிறான்.

சுதா அக்கா (9:23): ஸ்கூல் வேன் 12:30க்கு வந்துவிடும் இல்லையா? வந்ததும் என்ன?

திவ்யா (9:24): அம்மாதான் சொல்ல வேண்டும். நான் ஆபீஸில்.

அம்மா (9:31): வாடி வதங்கி வருகிறான். ஒரு டம்ளர் பால். பிஸ்கட் இரண்டு.

பிரபு (9:31): இரண்டா அம்மா?

அம்மா (9:33): மூன்று.

பிரபு (9:33): ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேதான் இருந்தேன். ஐந்து. அப்புறம் பார்க்கில் ஸ்ட்ரா போட்ட மாம்பழ ஜூஸ் ஒன்று.

சுதா அக்கா (9:36): டம்ளர் எவ்வளவு பிடிக்கும்?

கார்த்திக் (9:41): இப்போதுதான் அளந்து பார்த்தேன். சரியாக 200 மில்லி.

சுதா அக்கா (9:49): நாலு டம்ளர், 800 மில்லி. ஆவின் நீலப் பாக்கெட் ஒன்றரைக்கு மேல் அவன் ஒருவனுக்கே போகிறது. பாலில் மட்டும் 480 கலோரி பக்கம் வரும். சர்க்கரையும் பவுடரும் சேர்த்தால் 700ஐத் தாண்டும். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக 1,350 போல இருந்தால் போதும். பிஸ்கட், முறுக்கு, ஜூஸ் கணக்கை நான் இன்னும் தொடவே இல்லை.
திவ்யா, அவன் சாப்பிடாமல் இல்லை. பாதிச் சாப்பாட்டைக் குடித்துவிட்டு உன் முன்னால் வந்து உட்காருகிறான். பசி எங்கிருந்து வரும்?

திவ்யா (9:50): 😳

கார்த்திக் (9:55): அந்தப் பவுடர் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். 100 கிராமில் 32 கிராம் சர்க்கரையாம். முன்பக்கத்தில் ஓடுகிற பையன் படம். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. செய்தியைப் படித்தேன், தலையையும் ஆட்டினேன். அடுத்த மாதம் மளிகை லிஸ்ட்டில் நானே இதை எழுதினேன்.

சுதா அக்கா (9:58): இன்னொன்று. போன மாதம் ஜுரத்துக்கு ரத்தம் எடுத்தீர்களே, ஹீமோகுளோபின் எவ்வளவு?

திவ்யா (10:01): 10.1. டாக்டர் இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார். தினமும் கொடுக்கிறேன் அக்கா, ஒரு நாள்கூட விடவில்லை. துப்பிவிடுகிறான் என்று பாலில் கலந்து தருகிறேன்.

சுதா அக்கா (10:02): அடிப்பாவி!
இந்த வயதில் குறைந்தது 11 இருக்க வேண்டும். பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். போதாததற்கு அதில் இருக்கும் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவும் விடாது. அதிலேயே மருந்தைக் கலந்தால்? பால் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொடு. கொஞ்சம் எலுமிச்சை ஜூஸோ சாத்துக்குடியோ கூடக் கொடு, வைட்டமின் சி இருந்தால் நன்றாகச் சேரும். ஆய் கறுப்பாகப் போகும், பயப்படாதே. இரும்பு குறைந்தாலே பசி மந்தமாகும். பால் அதிகமானதில் ரத்தம் குறைய, ரத்தம் குறைந்ததில் பசி போக, பசி போனதால் மறுபடி பால்.

அம்மா (10:06): அப்படியென்றால் நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்கிறீர்களா? நாளையிலிருந்து நீயே லீவு போட்டுப் பார்த்துக்கொள்.

திவ்யா (10:07): அம்மா யார் அப்படிச் சொன்னது

திவ்யா (10:15): அம்மா

புதன்கிழமை

பெரியம்மா (காலை 6:20): நேற்று எட்டரைக்கே தூங்கிவிட்டேன். இப்போதுதான் எல்லாம் படித்தேன். யாரும் அவளை ஒன்றும் சொல்ல வேண்டாம். பேரன் பசி என்று முகத்தைத் தூக்கினால் எந்தப் பாட்டிக்குக் கை சும்மா இருக்கும்.
வியாசர்பாடிப் பக்கம் 26 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். நூறு பிள்ளைகள் வரிசையாக உட்காரும். ஊட்டிவிட யாருக்கு நேரம்? வீட்டில் இதுவரை தானாகச் சாப்பிட்டதே இல்லை என்று அம்மாக்காரி சொன்ன பிள்ளை, நாலாம் நாள் பக்கத்துத் தட்டைப் பார்த்துத் தானும் பிசையும். முதல் இரண்டு நாள் கீரையைத் தொடாது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தட்டில் ஒரு கரண்டி மட்டும் தினமும் விழும்.

பெரியம்மா (6:28): முட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம். 1989இல் தொடங்கியபோது இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டைதான். 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அப்பா, கேட்டுக்கொள்ளுங்கள், வாழைப்பழம்!

தாத்தா (6:40): நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார். அதற்கும் முன்னால், 1920இலேயே நம் ஊர் மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிவிட்டது. அப்போது பிட்டி தியாகராயர் தலைவர். எம்.ஜி.ஆர். சத்துணவு 1982 ஜூலை 1. இது ஃபார்வர்டு இல்லை. எனக்கே தெரியும்.

பிரபு (7:15): தாத்தா சொந்தமாக டைப் செய்த முதல் செய்தி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

அம்மா (8:02): பாலை நிறுத்தினால் எலும்புக்கு என்ன செய்வது? அதை மட்டும் சொல்லுங்கள்.

சுதா அக்கா (8:20): நிறுத்த வேண்டாம் சித்தி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அந்த 400 மில்லியிலேயே 450 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கிடைத்துவிடும். அவனுக்குத் தேவை 550. மீதியைத் தயிர், கேழ்வரகு தோசை, எள்ளுருண்டை பார்த்துக்கொள்ளும். காசிமேட்டு நெத்திலி கிடைத்தால் முள்ளோடு மொறுமொறுவென்று வறுத்து, பொடித்துச் சாதத்தில் பிசையுங்கள். வேர்க்கடலையை மட்டும் முழுசாகக் கொடுக்காதீர்கள், புரையேறினால் ஆபத்து. பொடித்து வெல்லத்தில் உருண்டை பிடியுங்கள். இரவு பாட்டில் வேண்டவே வேண்டாம், பல் சொத்தையாகும்.

சுதா அக்கா (8:24): அப்புறம், அவன் ஒல்லி என்று யார் சொன்னது? எடை எவ்வளவு?

திவ்யா (8:30): 14.8. நாலு வயது முடிந்து ஒரு வாரம்.

சுதா அக்கா (8:33): வளர்ச்சி அட்டையில் கோடு இறங்காமல் ஏறுகிறதா? அது போதும். முதல் வருஷம் மூன்று மடங்கு எடை போட்ட பிள்ளை, அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு கிலோதான் போடும். அதனால் பசியும் குறையும். இதைத்தான் எல்லா வீட்டிலும் 'முன்பெல்லாம் நன்றாகச் சாப்பிட்டான்' என்கிறோம்.

திவ்யா (8:41): அப்போது நான் என்னதான் செய்ய?

சுதா அக்கா (8:50): என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்காருவது எல்லாம் உங்கள் முடிவு. எவ்வளவு என்பது அவன் வயிற்றின் முடிவு. அரை மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துவிடு. திட்டாதே, கொஞ்சாதே, அடுத்த வேளைவரை தண்ணீர் மட்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும், உன் போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. புதிய காய் என்றால் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். நாம் மூன்றாவது தடவையே 'அவனுக்குப் பிடிக்காது' என்று பட்டம் கட்டிவிடுகிறோம்.

பெரியம்மா (9:05): கேரட் சாதத்தை நீ சாப்பிடுவாயா திவ்யா? ஆறிப்போய்க் கட்டியாக இருக்கும். சின்ன இட்லி நாலு, பொடி தடவிக் கொடு. கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

சனிக்கிழமை

திவ்யா (மதியம் 2:10): மூன்றாம் நாள். தட்டைத் தூக்கி எறிந்துவிட்டான். பருப்பு சாதம் ஃபிரிட்ஜ் கதவு முழுக்க. ஒரு மணி நேரமாகப் பிஸ்கட் கேட்டு அழுகிறான். அம்மா பால்கனியில் நின்று அழுகிறார்.

பெரியம்மா (2:12): தங்கச்சி, நீ கொஞ்ச நேரம் கோயிலுக்குப் போய்விட்டு வா.

அம்மா (2:14): மத்தியானம் நடை சாத்தியிருக்கும்.

சுதா அக்கா (2:20): கொடுக்காதீர்கள் சித்தி. 3:30க்கு ஒரு கொய்யாவும் உருண்டையும் கொடுங்கள். ஒன்றும் ஆகாது.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை

அம்மா (காலை 9:12): இன்று முருங்கைக்கீரை அடை. நேற்றே என்னோடு உட்கார்ந்து கீரை உருவினான். பாதி தரையில். அடை ஒன்றரை சாப்பிட்டான், யாரும் ஊட்டவில்லை. கீரையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டான்.

பெரியம்மா (9:15): வைக்கட்டும். தொட்டுப் பார்த்தானே.

திவ்யா (9:18): ராத்திரி சாதத்துக்கு இன்னும் அடம்தான். ஆனால் நேற்று வேனிலிருந்து இறங்கும்போதே 'பாட்டி, பசிக்குது' என்றானாம். இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டதே இல்லை அக்கா. ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

சுதா அக்கா (9:20): சிரப்பை நிறுத்திவிடாதே. அளவு ஏறினாலும் டாக்டர் சொல்கிறவரை கொடு.

பிரபு (9:26): எல்லாம் சரி, அந்தப் பிஸ்கட் டப்பா எங்கே? நேற்று வந்தபோது அலமாரி முழுக்கத் தேடினேன்.

அம்மா (9:27): இவன் கண்ணில் படக் கூடாது என்று தாத்தா வந்தபோது கொடுத்தனுப்பிவிட்டேன்.

கார்த்திக் (9:28): எல்லாமா அத்தை? இரண்டு கிலோ இருந்ததே!

தாத்தா (9:35): என் சர்க்கரை அளவு நன்றாகத்தான் இருக்கிறது.

சுதா அக்கா (9:36): தாத்தா, இன்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள்.